இரண்டு கிலோ விசை

என் கைக்கு வந்த எதையும் வந்தபடியே விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பாரிசில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் இருந்து பதினெட்டு வருடமாகத் தைக்கிறேன். முன்பக்கத்தில் ரெடிமேட் பிளவுஸ் வாங்கிய பெண்கள் அடுத்த நிமிடமே பின்பக்கம் வருவார்கள். கை இறுக்கம், கழுத்து அகலம், இடுப்பு தொளதொள. தொழிற்சாலையில் தைத்த எதுவும் ஒரு மனிசருக்கும் அளவாக இருக்காது என்பது என் முடிந்த முடிவு. பிரிப்பேன், வெட்டுவேன், பிடித்துத் தைத்துக் கொடுப்பேன். வீட்டிலும் அப்படித்தான். கணவர் வாங்கிவந்த குளிர்ச் சட்டையின் பொத்தான்களை அது வீட்டுக்கு வந்த அன்றே பிடுங்கி வேறு வைத்தேன். "அதுக்கு என்ன குறை?" என்று கேட்டார். குறை இருந்ததா என்று நான் பார்க்கவேயில்லை.

ஆகவே ஒரு பிஸ்டல் என் கைக்கு வந்தபோது அதை மட்டும் சும்மா விட்டிருப்பேன் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு என்னைத் தெரியாது.

பிஸ்டல் என்றதும் பதறவேண்டாம். விளையாட்டுக்குச் சுடுகிறேன். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் ஒரு கடதாசி, அதில் வட்டங்கள், நடுவில் சுட்டால் பத்துப் புள்ளி. அவ்வளவுதான். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறவளுக்கு இது எப்படி வந்தது என்று லா ஷப்பலில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். பூட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் எங்கள் கதவுப் பூட்டைத் திருத்த வந்தவர், நான் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, "மதாம், நீங்கள் ஒரு இடத்தில் நிற்கிறதேயில்லையா?" என்று கேட்டார். உண்மைதான். எனக்குக் காலில் சுடுதண்ணி ஊற்றியது மாதிரித்தான் எப்போதும். கதிரையில் இருந்தால் முழங்கால் ஆடும். மெத்ரோ இரண்டு நிமிடத்தில் வரும் என்று பலகை சொன்னால் அந்த இரண்டு நிமிடமும் மேடையை அளப்பேன். டொக்டர் குளிசை தந்தார். ஒரு கிழமை போட்டுவிட்டு எறிந்தேன். பூட்டுக்காரர்தான், "என்னோடு சுடுதளத்துக்கு ஒருநாள் வாருங்கள்" என்றார். சும்மா பார்க்கத்தான் போனேன்.

முதல் நாள் பிஸ்டலை நீட்டிப் பிடித்து மூச்சை நிறுத்தியபோது என் தலைக்குள் இருந்த இரைச்சல் எல்லாம் ஒரு நிமிடம் நின்றது. நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக. வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் நான் அசையாமல் இருந்தேன் என்று பூட்டுக்காரர் பிறகு எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு வருடம் சுடுதளத்துத் துவக்குகளில் பழகினேன். பிறகு சொந்தமாக ஒன்று வாங்க அனுமதி கேட்டு எழுதினேன். இந்த நாட்டில் இருக்கலாம் என்ற கடுதாசிக்காகப் பிரிபெக்சர் என்ற அரச அலுவலக வாசலில் குளிரில் வருடக்கணக்காக வரிசையில் நின்றவள் நான். துவக்கு வைத்திருக்கலாம் என்ற கடுதாசி அதைவிடக் கெதியாக வந்தது. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அதிகம் கதைக்காத மனிசன். ஊரில் சண்டைக் காலத்தில், பத்தொன்பது வயதில், கொஞ்சக் காலம் ஆயுத இயக்கத்தில் இருந்தவர் என்று கலியாணம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் ஆட்களுக்குள் இது ஒரு புதினமேயில்லை. எனக்கு அவரில் இருந்த ஒரே மனக்குறை, அவருக்கு ஒரு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது என்பதுதான். குழாய் சொட்டினால் ஆளைக் கூப்பிடுவார். கட்டில் கால் ஆடினால் அடியில் மட்டையை மடித்து வைப்பார். அலமாரி வாங்கினால் திருகாணியும் குறடுமாக நிலத்தில் கிடந்து பொருத்திப் பூட்டுவது நான். பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றித் தருவார். "உங்களைக் கட்டினதுக்கு ஒரு மேசனைக் கட்டியிருக்கலாம்" என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

பிஸ்டல் வாங்கப்போகிறேன் என்றபோது அவர் மறுப்பார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராக நின்றேன். மறுக்கவில்லை. இரும்புப் பெட்டி எங்கே வைக்கிறது என்று கேட்டார். பிறகு சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி ஒன்று சொன்னார்.

"அதை வந்தபடியே வைச்சிரும். உள்ளுக்கு ஒண்டையும் மாத்தவேண்டாம். அது காணும் எனக்கு."

"சரி" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அப்போது அது ஒரு பெரிய நிபந்தனையாக எனக்குத் தெரியவில்லை.

தெரிய வைத்தது என் விரல். விசையை, எங்கள் ஆட்கள் வாயில் அது றிகர், பின்னுக்கு இழுக்கும்போது கொஞ்சத் தூரம் சும்மா வரும். பிறகு ஒரு இடத்தில் முட்டும். அதையும் தாண்டினால்தான் வெடிக்கும். என்னுடையதைத் தொழிற்சாலையில் இருந்து வந்தபடி இழுக்க ஏறக்குறைய இரண்டு கிலோ பாரம் கொடுக்கவேண்டும். போட்டி விதிப்படி ஒரு கிலோவுக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். என்னைப் போன்ற அவசரக்காரிக்கு அந்த இரண்டு கிலோ ஒரு அரியண்டம். குறி சரியாக இருக்கும். இப்போது, இப்போது என்று மனம் அடிக்கும். விசை வராது. பொறுமை கெட்டு வெடுக்கென்று இழுப்பேன். குண்டு ஏழாம் வட்டத்துக்குப் போகும். வட்டத்தையும் விசையையும் அதைச் செய்த கம்பனியையும் தமிழில் திட்டுவேன். பக்கத்தில் சுடுகிற பெண்கள் அது ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தார்கள்.

"விரலைப் பழக்கலாம். இல்லாவிட்டால் விசையை மாற்றலாம்" என்றார் பூட்டுக்காரர். "இந்த மாதிரிக்கு லேசான விசைத் தொகுதி ஒன்று வருகிறது. எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். விதிக்கும் பிழையில்லை. அரை மணித்தியால வேலை."

"கணவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றேன்.

"சுடுவது அவரா, நீங்களா?"

இந்தக் கேள்வி எனக்குள் போய் இருந்துகொண்டது. ஏனென்றால் அந்த வருடம்தான் சுடுதளத்தின் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று பேர். இரண்டு பேர் நிச்சயம். மூன்றாவது இடத்துக்கு நானும், என்னைவிடப் பத்து வயது குறைந்த ஒரு தபால்காரியும். வெளியில் இருந்து பார்த்தால் சின்ன விசயம். வேற்று ஊர்ச் சுடுதளம் ஒன்றுக்குப் போய், முதுகில் பெயர் எழுதிய சட்டை போட்டுக்கொண்டு சுடுவது. ஆனால் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை ஒருத்தரும் ஒன்றுக்கும் தெரிவு செய்ததில்லை. நான் விண்ணப்பித்திருக்கிறேன், காத்திருந்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "நீ வா" என்று யாரும் சொன்னதில்லை. அந்தச் சட்டை எனக்கு வேணும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணுக்குள்ளேயே நின்றது.

அந்த நேரத்தில்தான் நவராத்திரி வந்தது. ஒன்பதாம் நாள் கடையில் ஆயுத பூசை. முதலாளி அக்கா ஒரு கிண்ணம் சந்தனத்தைக் குழைத்து என் கையில் தந்து, "ஒண்டையும் விடாதை பிள்ளை" என்பா. தையல் மெசின், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, அளவு நாடா, ஏன், வங்கி அட்டை போடுகிற மெசினுக்கும் பொட்டு வைத்தாச்சு. மிச்சச் சந்தனத்தை ஒரு தயிர்ப் பேணியில் வழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டு மெசினுக்கு வைத்தேன். அப்போதுதான் நினைத்தேன், லா ஷப்பல் முழுக்கக் கத்தரிக்கோலுக்கும் மெசினுக்கும் ஆயுத பூசை செய்கிறோம், உண்மையான ஆயுதம் ஒன்று பெட்டிக்குள் கிடக்கிறதே. எனக்கே சிரிப்பு வந்தது.

பெட்டியைத் திறந்து பிஸ்டலை எடுத்தேன். குண்டு இல்லை என்று இரண்டு தரம் பார்த்தேன். சாமிப் படத்துக்கு முன்னால், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியில் வைத்தேன். குழாயில் ஒரு பொட்டு, பிடியில் ஒரு பொட்டு. அணி ஞாபகம் வந்தது. விரல் படுகிற இடம்தானே முக்கியம் என்று விசைக்குப் பெருவிரலால் அள்ளித் தாராளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். என்னைக் கேட்டால், அன்றைக்கு அந்த அறையில் பக்தி குறைவாக இருந்ததாக யாரும் சொல்லமுடியாது.

கணவர் குளித்துவிட்டுக் கற்பூரம் கொளுத்த வந்தார். தட்டைப் பார்த்தார். ஈரத் தலையோடு ஜக்கெட்டைக் கொளுவிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். நானே கற்பூரம் காட்டினேன். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தார். வாய்க்கால் கரை வரை நடந்தாராம். எனக்கு வந்த கொதி! நல்ல நாளும் அதுவுமாகச் சாமிக்கு முன்னால் வெளிக்கிட்டுப் போகிற மனிசனை என்ன செய்வது? அன்றைக்குச் செய்த பொங்கலை நான் தனியே இருந்து சாப்பிட்டேன்.

இரண்டு கிழமைக்குள் விசை இன்னும் மோசமானது. இழுக்கும்போது மணல் அரைபடுகிறது மாதிரி நறநற என்றது. சில நேரம் பாதி வழியில் நின்று, பிறகு திடீரென்று விடும். என் புள்ளிகள் கவிழ்ந்தன. தபால்காரி என்னைத் தாண்டிப் போய்விட்டாள். தொழிற்சாலைச் சாமான் என்றால் இதுதான், நான் அப்போதே சொன்னேனே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். லேசான விசைத் தொகுதியை வாங்கிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

அந்தக் கிழமை முழுக்க என் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் மெசினின் மிதி தானாக அழுந்தி ஒரு பெண்ணின் பிளவுஸ் கையை உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்டேன். வாக்குக் கொடுத்தது நான். மீறப்போகிறதும் நான். ஆனால் காரணம் சொல்லாமல் வாங்கிய வாக்கு என்ன வாக்கு? இப்படி மெசினோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

பூட்டுக்காரர் தன் நிலக்கீழ் அறையில், தன் வேலை மேசையில் வைத்துப் பிஸ்டலைக் கழற்றினார். உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். ஊசியால் ஏதோ சுரண்டி ஒரு வெள்ளைத் துணியில் தட்டினார். மஞ்சளாக, எண்ணெயில் ஊறிக் கட்டியாகிப்போன தூள்.

"இது என்ன மதாம்? சீமெந்தா?"

நான் குனிந்து மணந்து பார்த்தேன். ஐயோ என்ரை கடவுளே. சந்தனம்!

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஆயுத பூசையை விளங்கப்படுத்தினேன். வருடத்தில் ஒருநாள் எங்கள் கருவிகளுக்கு மரியாதை செய்வோம், பொட்டு வைப்போம், அது காய்ந்து உள்ளுக்கு உதிர்ந்திருக்கிறது என்று. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தார். "உங்கள் கடவுளுக்கு எண்ணெய் வைத்தால் பிடிக்காதா? எண்ணெய் வைத்திருக்கலாமே!" என்றார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த அந்தத் தொழிற்சாலைக்காரர் பாவம்.

துடைத்துச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டித் தந்தார். இழுத்துப் பார்த்தேன். பழைய இரண்டு கிலோ, ஒரு நறநறப்பும் இல்லை.

"இப்போது புதியது போல் இருக்கிறது. இப்படியே விடலாமா? இல்லை, மற்றதைப் போடவா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் நின்றிருக்கலாம். குற்றம் விசையில் இல்லை என்று என் கண்ணாலேயே பார்த்தாயிற்று. ஆனால் புதுத் தொகுதி மேசையில் மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. எனக்குச் சும்மா கிடக்கிற சாமானைக் கண்டால் கை நிற்காது.

"போடுங்கோ" என்றேன்.

அடுத்த நாள் சுடுதளத்தில் நான் சுட்டது என் வாழ்நாளில் சுடாத சுடுதல். நினைக்கவும் வெடித்தது. பத்து, ஒன்பது, பத்து, பத்து. தபால்காரி தன் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு என் கடதாசியை எட்டிப் பார்த்தாள். எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. கழற்றிய பழைய சாமான்களைப் பூட்டுக்காரர் ஒரு சின்னப் பையில் போட்டுத் தந்திருந்தார். வீட்டில் என் பொத்தான் டப்பாவுக்குள், அடியில் போட்டு மூடினேன். எங்கள் வீட்டில் அந்த டப்பாவை என்னைத் தவிர ஒருத்தரும் தொடுவதில்லை.

தெரிவுக்கு ஒரு கிழமை இருந்தது. ஞாயிறு மத்தியானம் நான் முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். கணவரின் சட்டையில் ஒரு பொத்தான் விழுந்துவிட்டது. "நான் தைச்சுத் தாறன், பொறுங்கோ" என்று குளியலறைக்குள் இருந்து கத்தினேன். அவசரமில்லை, அளவான பொத்தானைத் தேடி வைப்போம் என்று நினைத்தாராம். நான் வெளியே வந்தபோது டப்பா மேசையில் கவிழ்ந்து கிடந்தது. பொத்தான்களுக்கு நடுவில் பை திறந்து கிடந்தது. அதிலிருந்த சின்ன இரும்பு ஒன்றை இரண்டு விரலால் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"மெசின்ரை சாமான்."

"தையல் மெசினிலை இப்பிடி ஒரு சாமான் இல்லை" என்றார். "இது றிகருக்கு உள்ளுக்கு இருக்கிற கொளுக்கி."

ஒரு ஆணி அடிக்கத் தெரியாத மனிசன்!

"மாத்திப்போட்டீர், என்ன?"

பிழை செய்தவள் நான்தானே, ஆகவே நான்தான் முதலில் கத்தினேன். "ஓம், மாத்தினனான்! என்ன இப்ப? ஏன் எண்டு சொல்லாமல் மாத்தாதை எண்டால் நான் என்ன சின்னப்பிள்ளையே? அண்டைக்குப் பூசை நேரம் எழும்பிப் போனியள், அதுக்கும் ஒரு சொல் இல்லை. உங்களுக்கு என்ன பிரச்சினை எண்டு எனக்குச் சாத்திரம் பாத்தே தெரியவேணும்?" தலையில் சாயம் வழிய வழிய நின்று கத்தினேன். அவர் கதிரையை இழுத்து இருந்தார். அந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

"இயக்கத்திலை எங்களிட்டை ஒரு பழைய பிஸ்டல் இருந்தது. றிகர் சரியான இறுக்கம். ஒருத்தரும் அதை விரும்பி எடுக்கிறேல்லை. எனக்கு அப்ப கைவேலை எண்டால் விசர். ரேடியோ, சைக்கிள், தண்ணிப் பம், எதையும் கழட்டிப் பூட்டுவன். அதையும் கழட்டினன். ஒரு கிழமை இருந்து அரத்தாலை ராவினன். தொட்டால் றிகர் விழும், அப்பிடி வந்திட்டுது. எல்லாரும் கையிலை வாங்கி வாங்கிப் பாத்தவை. கெட்டிக்காரன் எண்டவை."

அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதேயில்லை.

"என்னோடை ஒண்டாப் படிச்சவன் ஒருத்தன். இண்டைக்கு இதை நான் கொண்டுபோறன் எண்டான். குடுத்தன். இடுப்பிலை செருகிக்கொண்டு போய்ச் சைக்கிளை எடுத்தான். சைக்கிள் சரிஞ்சிட்டுது. நிமித்தக் குனிஞ்சான், வெடிச்சிட்டுது. அவ்வளவுதான். வாகனம் பிடிச்சுக் கொண்டுபோக முதல் போயிட்டான்."

"ஐயோ" என்றேன்.

"சண்டையிலை செத்ததெண்டுதான் அவன்ரை வீட்டை சொன்னது. அப்பிடித்தான் சொல்லச் சொன்னவை. முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியண்டு போனன். தாய் எனக்குப் பக்கத்திலை இருந்து சோறு போட்டவ. நீயாவது வடிவாச் சாப்பிடு ராசா எண்டவ. நான் சாப்பிட்டனான்." இரும்பைக் கைக்குள் திருப்பினார். "உண்மை தெரிஞ்ச ஆக்களும், உது உன்ரை பிழையில்லை, அவன்ரை காலம் முடிஞ்சுது எண்டவை. எல்லாரும் அதைத்தான் சொன்னவை. ஒருத்தர் எண்டாலும் என்னை ஏசேல்லை."

"அது உங்கடை பிழையில்லையப்பா" என்றேன் நானும். வேறு என்ன சொல்கிறது? யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அவர் தலையை ஆட்டினார். ரயில் பிந்தி வருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டதுபோல. பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவுக்குள் போடத் தொடங்கினார்.

"நீர் புதுசையே வைச்சிரும்" என்றார். "இஞ்சை ஆரும் இடுப்பிலை செருகிக்கொண்டு சைக்கிள் ஓடுறேல்லை. நான் சொன்னது விசர்க் கதை. அந்தச் சட்டை உமக்கு எவ்வளவு விருப்பம் எண்டு எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருடம்! சொட்டுகிற குழாய்க்குக் கீழே நான் கிடந்து மல்லுக்கட்ட, எல்லாம் தெரிந்த கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார். மேசனைக் கட்டியிருக்கலாம் என்று நான் ஏசும்போது சிரித்திருக்கிறார். அதற்காக அவரை உலுக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சாயம் காய்ந்துபோகிறதே என்று தலையைக் கழுவப் போனேன். தண்ணிக்குக் கீழே நின்று அழுதேன்.

திங்களும் செவ்வாயும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரே வைத்திரு என்று சொல்லிவிட்டார். விதியும் சரி. இந்த விசையால் இங்கே ஒரு ஈ எறும்பும் சாகப்போவதில்லை. எல்லா நியாயமும் என் பக்கம் இருந்தது. புதன்கிழமை சுடுதளத்துக்குப் போய்ப் பிஸ்டலை நீட்டினேன். விரல் தொட்டது. விழுந்தது. அது விழுந்த அந்த நொடியில் என் கண்ணுக்குள் ஒரு சைக்கிள் சரிந்தது. அடுத்ததும் பத்துத்தான். அதற்கடுத்ததும் பத்து. ஒவ்வொன்றுக்கும் ஒருவன் குனிந்தான்.

அன்று பின்னேரமே பூட்டுக்காரரின் கதவைத் தட்டினேன். "பழையதைத் திருப்பிப் போடுங்கள்" என்றேன். உங்களுக்கு மூளை பிசகிவிட்டதா என்று மரியாதையாகக் கேட்டார். சனிக்கிழமை தெரிவு, இப்போதா மாற்றுகிறது என்றார். என் பிரெஞ்சு ஆயுத பூசை வரைக்கும்தான் எட்டும், இதற்கு எட்டாது. "போடுங்கள், முசியூ" என்று மட்டும் சொன்னேன். போட்டார். இதைத் தியாகம் என்று ஒருவரும் எண்ணவேண்டாம். தியாகம் செய்கிற ஆள் நான் இல்லை. அந்தச் சட்டையை நினைத்துப் படி ஏறும்போதே வயிறெரிந்தது.

சனிக்கிழமை சுட்டேன். இரண்டு கிலோ, இழுக்க இழுக்க வராத இரண்டு கிலோ. முடிந்தவரை பொறுத்தேன், சில இடத்தில் பொறுக்கவில்லை. தபால்காரி நாலு புள்ளியால் முன்னுக்கு வந்தாள். அவளுக்குக் கைகொடுத்தேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விசையைத் திட்டினேன், பிறகு வெளிக்கிட்டேன்.

மெத்ரோவில் இருந்து இறங்கி, சனிக்கிழமைச் சந்தடிக்குள் இடிபட்டு வீடு வந்தபோது கணவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பிஸ்டலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றேன்.

"எடுபட்டீரோ?"

"இல்லை."

"எத்தினை புள்ளியாலை?"

"நாலு."

கத்தி கொஞ்ச நேரம் ஓடியது, நின்றது. "பழசைத் திருப்பிப் பூட்டினனீர், என்ன?"

"ஓம்."

"புதுசு இருந்திருந்தால்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை நல்லாச் சுட்டவள், எதை வைத்திருந்தாலும் தோற்றிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அலுப்பாக இருந்தது, கால் உளைந்தது, சட்டை இல்லை.

"எடுபட்டிருப்பன்."

"அப்ப, என்னாலைதான்" என்றார்.

சீச்சீ, உங்கடை பிழையில்லை என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அதைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டிய விதம் கண்ணில் பட்டது. விழுங்கிவிட்டேன்.

"ஓம்" என்றேன். "உங்களாலைதான்."

அவர் கத்தியை வைத்தார். பக்கத்தில் கிடந்த கதிரையைக் கையால் தடவி இழுத்து அதில் இருந்தார். வெங்காயக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்க்காதது. என்ன செய்கிறது என்று தெரியாமல் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில், முகத்தை எடுக்காமலே, "இன்னொருக்காச் சொல்லும்" என்றார்.

சொன்னேன்.